பூட்டு எந்த வீட்டில் இருந்தது

“…முடிஞ்சுது, அல்ஹம்துலில்லாஹ். நேத்தோட சரி. இப்ப நீங்க செல்லுங்க அக்கா, தங்கச்சிட எப்ப முடியும்?”

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்வீட்டு வாசலில் நின்று, கீழ்வீட்டு உம்மா என் அம்மாவிடம் கேட்ட கேள்வி இது. உம்மா அந்த வீட்டின் சொந்தக்காரி. கணவரை இழந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ‘தங்கச்சி’ என்று அவர் சொன்னது என் சின்னம்மாவை. அவரும் கணவரை இழந்தவர்தான், ஆனால் அது நடந்து வருடங்கள் போய்விட்டன. அம்மா பதில் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அன்று அங்கே நின்ற பெரியவர்களில் ஒருவரும் இன்றைக்கு உயிரோடு இல்லை. கேள்வி மட்டும் என்னிடம் கிடக்கிறது.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், ஒரு களைப்புத்தான். போன கிழமை எங்கள் மாடிக்குடியிருப்பின் லிஃப்டில் என் வயதுப் பெண்மணி ஒருவர் கூட வந்தார். மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த முஸ்லிம் குடும்பத்தைப் பற்றிக் கதை வந்தது. “அவையள் பொம்பிளையளை அடைச்சு வைக்கிற ஆக்கள், உங்களுக்குத் தெரியும்தானே,” என்றார். என் மாடி வந்தது, இறங்கிவிட்டேன். முந்தி என்றால் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு வாதாடியிருப்பேன். இப்போது முழங்கால் விடாது. வாதாடுவதற்கும் நல்ல முழங்கால் வேண்டும் என்பது வயது போன பிறகுதான் விளங்குகிறது. நீங்களும் என் காலத்து ஆட்கள்தான். அந்த வசனம் உங்களுக்கும் பழகியிருக்கும். சொல்கிறவர் மாறுவார், ‘அவையள்’ யார் என்பதும் மாறும். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த புதிதில் எங்களைப் பற்றியும் அதே வசனம் அடுத்த வீட்டுச் சமையலறைகளில் ஓடியிருக்கும்.

அன்றைக்குப் பின்னேரம் கனடாவிலிருந்து அண்ணா வீடியோவில் வந்தார். லிஃப்ட் கதையைச் சொன்னேன்.

“அதிலை என்ன பிழை? கீழ்வீட்டு உம்மாவை அவவின்ரை மச்சான்காரன் பூட்டித்தானே வைச்சிருந்தவன். மறந்து போனியே?”

“கீழ்வீட்டிலை பூட்டு இருக்கேல்லை அண்ணா.”

“பித்தளைப் பூட்டு. இந்தா, இவ்வளவு பெரிசு. இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது. உனக்கு அப்ப என்ன வயசு?”

“உங்களைவிட ரெண்டு வயசுதான் குறைவு. ஒரு பூட்டைப் பாக்கிறதுக்கு அது காணும்.”

அண்ணா சிரித்தார். ஆனால் பூட்டை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. அவர் ஒரு பூட்டைப் பார்த்ததும் உண்மைதான். அதற்கு வருகிறேன்.

அந்த வீடு இப்போது இல்லை. ரயில் போகும்போது எங்கள் அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கதைக்கும். கடல் காற்று ஜன்னல் கொளுக்கிகளைத் தின்று முடித்துவிடும் என்பதால் அம்மா ஜன்னல்களைப் பழைய சேலைக் கரையால் கட்டி வைப்பார். வெள்ளிக்கிழமைகளில் கீழே போடும் சாம்பிராணி, பலகைத் தளத்தின் நீக்கல்களால் ஏறி எங்கள் படுக்கைக்குள் வந்து படுத்துக்கொள்ளும். வீட்டுக்கு இரண்டு படிகள். முன்பக்கம் ஒழுங்கையிலிருந்து ஏறும் சீமெந்துப் படி. பின்பக்கம் எங்கள் சமையல் குசினியிலிருந்து அவர்களின் முற்றத்துக்கு இறங்கும் மரப்படி. அந்த மரப்படியால்தான் நானும் உம்மாவின் கடைக்குட்டி மகளும் ஏறி இறங்குவோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. ஊரில் கலியாணம் நடந்து கொஞ்சக் காலத்திலேயே கணவர் காய்ச்சலில் போய்விட்டார். அப்பாவுக்குக் கொழும்புக் கந்தோருக்கு மாற்றல் கிடைத்தபோது சின்னம்மாவையும் கூட்டி வந்தோம். கேட்பவர்களுக்கு “எனக்கு உதவிக்கு” என்பார் அம்மா. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. பேச்சு மிகவும் குறைவு. அவர் சமைத்த குழம்பைப் புகழ்ந்தால்கூட, யாரோ வேறு ஆளைச் சொல்கிறார்கள் என்பது மாதிரித் திரும்பிப் பார்ப்பார்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு முழுவியளம் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியமாக வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எதிரில் யார் வருகிறார்கள், எது வருகிறது என்று பார்ப்பதுதான் அது. நிறைகுடம் வந்தால் நல்லது. கன்னிப் பெண், கலியாணமான பெண் வந்தால் நல்லது. புருஷன் இல்லாதவள் வந்தால் திரும்பி உள்ளே போய், ஒரு மிடறு தண்ணீர் குடித்து, இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே, ஒவ்வொரு நாள் காலையிலும் அப்பாவின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் சின்னம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கீழே கேற் கொளுக்கி விழும் சத்தம் கேட்ட பிறகு திறப்பார். அண்ணாவுக்குப் பரீட்சை என்றாலும் அப்படித்தான். நான் பள்ளிக்கூடம் போகும்போதும் அப்படித்தான். அவரை அப்படிச் செய்யச் சொல்லி ஒருவரும் சொன்னதை நான் கேட்டதில்லை. வெகு காலமாக அதை நான் ஒளித்துப் பிடித்து விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். சில நாட்களில் பள்ளிக்கூடம் போகும் அவசரத்திலும் ஓடிப்போய்க் கதவில் தட்டி, “பிடிச்சிட்டன்” என்று கத்துவேன். உள்ளேயிருந்து சத்தம் வராது.

அந்த வருடம் மழைக்கு முந்திய புழுக்கத்தில், ஒரு காலை, கீழ்வீட்டு ஹாஜியார், உம்மாவின் கணவர், மாரடைப்பில் காலமானார். அன்று பின்னேரமே அடக்கம் செய்துவிட்டார்கள். அம்மா செத்தவீட்டுக்குப் போகிற முறைப்படி தலைமுடியைத் தளர்த்திக்கொண்டு இறங்கிப் போய், உம்மாவைக் கட்டிப்பிடித்து, ஊரில் அழுகிற மாதிரி ராகம் எடுத்து அழத் தொடங்கினார். அங்கே இருந்த பெண்கள் திடுக்கிட்டுப் போனார்கள். ஒருவர் அம்மாவின் முதுகைத் தடவி, “சத்தம் போட்டு அழப்படாது அக்கா, மையத்துக்கு வேதன. துஆ கேளுங்க,” என்றார். அம்மாவின் அழுகை பாதியில் நின்றது. பாதியில் நிற்கிற ஒப்பாரிபோல வெட்கக்கேடான சத்தம் வேறில்லை. கண்ணீர் முகத்தில் இருக்க, சத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அம்மா மேலே ஏறி வந்தார்.

“கல்லு மனசு. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அந்தாளை எப்படா கொண்டுபோய்த் தாழ்ப்பம் எண்டு நிண்டவையள் மாதிரி. கண்ணாலை கண்டனான்!”

அம்மாவின் வாயில் எப்போதும் இருந்த சொல் அது. கண்ணாலை கண்டனான். அப்பாவிடம் கத்தரிக்காய் விலை சொன்னாலும் அதைச் சேர்த்துத்தான் சொல்வார். நான் அம்மாவை நம்பினேன். கண் இருக்கிறது, கண்டிருக்கிறார், பிறகு என்ன?

அடுத்த நாளிலிருந்து கீழ்வீட்டு ஒழுங்கைப் பக்க ஜன்னல்கள் திறக்கவில்லை. திரை இழுத்தபடி கிடந்தது. உம்மா முற்றத்துக்குக்கூட வரவில்லை. ஹாஜியாரின் தம்பி, புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர், வீட்டுச் சாமான்களைப் பையில் கொண்டுவந்து கேற்றடியில் நின்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமலே போவார். பிள்ளைகள் அவரைச் சாச்சா என்பார்கள். எங்கள் பல்கனியிலிருந்து பார்த்தால் அவருடைய தொப்பியும் பையும் மட்டும் தெரியும். தொப்பியையும் பையையும் வைத்து அம்மா ஒரு முழுக் கதை பின்னினார்.

“மனிசியை அறைக்குள்ளை போட்டு அடைச்சுப்போட்டான். முகத்தையும் பாக்கிறானில்லை. வீட்டை எழுதி வாங்கத்தான்.”

“இருக்கும்,” என்றார் அப்பா. “சொத்துக் கேஸ் எண்டால் உவையளிட்டை எதுவும் நடக்கும்.”

உம்மாவின் மகள் என்னிடம் காரணத்தைச் சொல்லியிருந்தாள். அது இத்தா, கணவர் மவுத்தானால் மனைவி வெளியில் போகாமல், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய தவணை, நாலு மாசமும் பத்து நாளும். நான் மேலே வந்து அப்படியே ஒப்புவித்தேன். அம்மா பயற்றங்காயை முறித்தபடி, “பிள்ளையளுக்கு அப்பிடித்தான் சொல்லி வைப்பினம்,” என்றார். அத்தோடு முடிந்தது. விளக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது, உட்கார இடம் கிடைக்கவில்லை.

ஒரு நாள் அம்மா சின்னம்மாவைக் கூப்பிட்டார். “நீ ஒருக்கால் பின்படியாலை இறங்கிப்போய்ப் பார். உண்மையிலை அடைச்சுத்தான் வைச்சிருக்கினமோ எண்டு மெதுவாய்க் கேள். எனக்கெண்டால் அந்தச் செத்தவீட்டுத் துடக்குக்குள்ளை திரும்பத் திரும்பப் போகேலாது, புருஷன் பிள்ளையோடை இருக்கிறனான். உனக்கென்ன, உனக்கு இனி என்ன வரப்போகுது?”

அம்மா கொடுமைக்காரி இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, உப்புப் போத்தலை எடு என்கிற குரலில்தான் சொன்னார். சின்னம்மாவும் அதே மாதிரித்தான் “சரி அக்கா” என்றார். துணைக்கு என்னையும் அனுப்பினார்கள்.

நாங்கள் போனபோது உம்மா வெள்ளை உடுப்போடு தலையணையில் சாய்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கொய்யாக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறைக்கதவு திறந்துதான் இருந்தது. மணித் திரை ஒன்று தொங்கியது. தள்ளிக்கொண்டு போகும்போது நீல மணிகள் முகத்தில் குளிர்ச்சியாகப் பட்டன. சின்னம்மா பக்கத்தில் குந்தி, காதுக்குள் கேட்டார்: “உங்களை அடைச்சு வைச்சிருக்கினமோ? பயப்பிடாமல் சொல்லுங்கோ. எங்கடை அத்தார், இவளின்ரை அப்பா, பொலிசிலை கதைப்பார்.”

உம்மா கொய்யாக்காயைக் கடித்தபடியே அவரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். உடனே, சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்தினார்.

“ஆரு, எங்கட மச்சினனா? அவனுக்கு ஒரு பூனயக்கூட அடைக்க ஏலா புள்ள. அவன் என்னப் பாக்கப்படாது, அதான் மொகத்தத் திருப்பிட்டு நிக்கிறான், பாவம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பதினாலு வயசில அடுப்படிக்குப் போன ஆள் நான். இப்பதான் மத்தவங்க ஆக்கித் தாறாங்க. அந்த மனுசன நெனச்சி அழவும் இப்பதான் எனக்கி டைம் ஈக்கிது.”

அப்போதுதான் பார்த்தேன், அவருடைய கண் இமைகள் அழுது அழுது தடித்திருந்தன. சத்தமில்லாத அழுகையை எங்கள் வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு உம்மா சின்னம்மாவின் சேலையைப் பார்த்தார். “நீங்களும் இத்தாவிலயா?”

சின்னம்மா கொஞ்சம் யோசித்தார். “ஓம். அப்பிடித்தான்.”

“நாங்க இந்த வீட்டுக்கு ஒங்களக் குடிவெச்ச நாள்லேந்து வெள்ளயில ஈக்கிறீங்களே. ஒங்கட ஆக்கள்ட நீளமாக்கும். நீங்க எல்லாத்தயும் இழுத்துச் செய்ற ஆக்கள்தானே. லண்டன்லேந்து மகன் வர்ற வரைக்கும் மையத்தயே வெச்சிக் காக்கிறீங்க!”

சின்னம்மா சிரித்தார். சின்னம்மா சிரித்து நான் கேட்ட முதல் தடவை அது. சிரிக்கத் தெரியாத ஒருவர் திடீரென்று தும்மினால் வருமே, அப்படி ஒரு சத்தம்.

மேலே வந்ததும் அம்மா ஆவலாக ஓடி வந்தார். “என்ன சொன்னவ?”

“வாய் திறக்கிறா இல்லை அக்கா. சரியான பயம் போலை,” என்றார் சின்னம்மா. “இன்னும் ரெண்டு மூண்டு தரம் போய்த்தான் பாக்கவேணும்.”

நான் அண்ணாந்து அவரைப் பார்த்தேன். அவர் என் கையை அழுத்தினார். எனக்கு அது விளங்கியது என்று சொல்ல மாட்டேன். அந்த அழுத்தம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம், அப்பா கந்தோரால் வருமுன், மரப்படியால் இறங்கிப் போவோம். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ கிடைக்கும். உம்மா தொழுகைத் தொப்பி பின்னுவார். சின்னம்மாவுக்கு ஊசிவேலை நன்றாக வரும். பார்த்த அன்றே பிடித்துக்கொண்டு அவரும் பின்னத் தொடங்கினார். பின்னிக்கொண்டே இருவரும் தங்கள் கணவர்மாரைப் பற்றிக் கதைப்பார்கள். ஹாஜியார் குறட்டை விட்டால் ரயில் போவது கேட்காது என்பார் உம்மா. சின்னம்மாவின் கணவருக்குச் சைக்கிளில் முன்னால் ஆளை வைத்து ஓட வராது. கலியாணம் முடித்த கிழமையே சின்னம்மாவை வயல் வாய்க்காலுக்குள் விழுத்தியவராம். எங்கள் வீட்டில் அந்த மனிதர் ஒரு படமாகத்தான் இருந்தார், மாலையோடு. கீழ்வீட்டில்தான் அவர் சைக்கிள் ஓடினார்.

பின்னி முடித்த ஒரு தொப்பியைச் சின்னம்மா தவறுதலாக மேலே கொண்டுவந்துவிட்டார். அம்மா அதை விரித்துப் பார்த்து, “வடிவான வேலை,” என்று சொல்லி, ஹோலில் பூச்சாடிக்குக் கீழே விரித்துவிட்டார். அப்பாவின் கந்தோர் நண்பர் ஒருவர் வந்து, இது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். சின்னம்மா குசினிக்குள் ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அந்தத் தொப்பி இப்போது எங்கே போயிற்றோ. இந்த வயதில் எனக்கு நகைகள் தொலைந்ததைவிட அப்படியான சாமான்கள் தொலைந்ததுதான் மனசில் நிற்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. உம்மாவின் மகள் மருதாணி அரைத்து எனக்கு வைத்துவிட்டாள். பிறகு, சின்னம்மா ஏதோ கதை கேட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவருடைய உள்ளங்கையிலும் ஒரு வட்டத்தை அப்பிவிட்டாள். உம்மா பதறிப்போனார். “ஹாய், என்ன புள்ள செஞ்ச? அவங்களும் இத்தாவிலதானே! காயுறதுக்குள்ள போய்க் கழுவுங்க தங்கச்சி.” சின்னம்மா எழுந்து முற்றத்துக் குழாயடிக்குப் போனார். நான் பின்னால் போனேன். குழாயில் ஒரு கையை வைத்தபடி, மற்றக் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அப்பா தன் பங்குக்கு ஒரு நன்மை செய்தார். பஸ் நிலையத்தில் பழக்கமான பொலிஸ் சார்ஜன்ட் ஒருவரிடம், “ஒரு அநியாயம் நடக்குது” என்று வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் வந்து கேற்றில் தட்டினார். சாச்சாவும் அப்போது சாமான் பையோடு கேற்றடியில் நின்றார். ஒழுங்கை முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. சார்ஜன்ட்டுக்கு எடுத்த எடுப்பிலேயே விளங்கிவிட்டது: மேலே தமிழ் ஆட்கள், கீழே முஸ்லிம் ஆட்கள், இது வாடகைச் சண்டை. ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று சிங்களத்தில் புத்தி சொல்லத் தொடங்கினார். சாச்சாவுக்கு வியர்த்தது. அப்போது ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

“மாவ கவுருவத் வஹலா நே மஹத்தயா. மட்ட பாடுவே இன்ன தென்ன!”

என்னை ஒருவரும் அடைக்கவில்லை, என்னை என் பாட்டில் இருக்க விடுங்கள். ஒழுங்கை சிரித்தது. சார்ஜன்ட்டும் சிரித்துவிட்டுப் போனார். சாச்சா மட்டும் சிரிக்கவில்லை. முதன்முதலாக முகத்தை நிமிர்த்தி எங்கள் பல்கனியைப் பார்த்தார். மிகவும் இளம் முகம். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, அம்மாவின் கதையில் அவருக்கு வயதும் கூட, மீசையும் கூட. அப்பா உள்ளே போய்விட்டார்.

“ஒவ்வொரு நாளும் போய் வந்தனீ. உனக்குத் தெரியாதோ?” என்று அம்மா சின்னம்மாவைக் கேட்டார்.

“தெரியும்.”

“எப்பையிருந்து?”

“முதல் நாளிலையிருந்து, அக்கா.”

அம்மா அவருடைய கையைப் பிடித்து உலுக்கினார். உள்ளங்கை விரிந்தது. நடுவில் அந்த வட்டம், நல்ல சிவப்பாகப் பிடித்து, மங்கத் தொடங்கிய நிலையில். அம்மா கையை விட்டுவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அழத் தொடங்கினார். “உனக்கு ஒரு கதை வந்தால் நான் ஊருக்கு எப்பிடிப் போவன்? அம்மாவுக்கு என்னத்தைச் சொல்லுவன்?” அன்றைக்கு அது எனக்குக் கோபமாகத்தான் கேட்டது. இப்போது யோசித்தால், அது முழுக்கப் பயம். தங்கையை நன்றாக வைத்திருக்கிறேன் என்று ஊருக்குக் காட்ட அம்மாவிடம் இருந்தது அந்த வெள்ளைச் சேலையும் வெறுங்கையும்தான்.

அன்று பின்னேரம், ஊரிலிருந்து வந்த ட்ரங்குப் பெட்டியில் தொங்கிய பித்தளைப் பூட்டைக் கழற்றி, குசினியின் பின்படிக் கதவில், எங்கள் பக்கத்தில் போட்டார். திறப்பைத் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அண்ணா ரியூஷன் முடிந்து வந்து, “அதென்னம்மா பூட்டு?” என்று கேட்டார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி போடத் திரும்பிவிட்டார். அண்ணா கண்ட பூட்டு அதுதான். அது எப்போது ஒரு மாடி கீழே இறங்கிப் போனது என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடங்கள் ‘அவையள் அடைச்சு வைக்கிற ஆக்கள்’ என்று கேட்டுக் கேட்டு, ஒரு பூட்டை எங்கே தொங்கவிடுவது என்று மனசுக்கும் பழகிவிடும்போல. என் மனசிலும் அப்படி இடம் மாறிய சாமான்கள் இருக்கும். அவற்றை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறகு பின்னேரங்களில் சின்னம்மா குசினியில் துருவுபலகையில் இருப்பார். சில நாட்களில் கீழேயிருந்து தளத்தில் தட்டும் சத்தம் வரும், கூட்டும் தும்புத்தடியின் கம்பாக இருக்க வேண்டும். முதல் சில தரம் சின்னம்மா அசையவில்லை. பிறகு ஒரு நாள் உலக்கையைக் கொஞ்சம் அழுத்திக் கீழே வைத்தார். கீழே சத்தம் நின்றது. “என்னடி அது?” என்றார் அம்மா ஹோலிலிருந்து. “ஒண்டுமில்லை அக்கா, கை வழுக்கிப் போச்சு.”

சின்னம்மாவின் மிச்சக் காலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. எங்களுடனேயே இருந்தார், எங்களுடனேயே முடிந்தார். என் கலியாணத்தன்று மண்டபத்தின் சமையல் கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். நான் கண்ணால் கூப்பிட்டேன், அவர் தலையை ஆட்டி மறுத்தார். கீழ்வீட்டார் பிறகு வீட்டை விற்றுவிட்டு கிராண்ட்பாஸ் பக்கம் உறவினரிடம் போனார்கள் என்று கேள்வி. உம்மாவின் மகளைத் தேடலாம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கே தொடங்குவது என்பதிலேயே களைத்துப்போய் விட்டுவிடுவேன்.

இனி, உம்மா அந்தக் கேள்வியைக் கேட்ட காலை. அப்பாவுக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகப் பரீட்சை. வெள்ளைச் சேட்டு, கழுத்துப்பட்டி, நெற்றியில் திருநீறு. நல்ல முழுவியளத்துக்காக, ஒரு செம்பு தண்ணீரோடு முன்படியால் ஏறி அப்பாவுக்கு எதிரே வரும்படி அம்மா என்னைக் கீழே அனுப்பியிருந்தார். சின்னம்மா வழமைபோலக் குசினிக்குள், கதவைச் சாத்திக்கொண்டு.

நான் முதல் படியில் கால் வைக்கக் கீழ்வீட்டு முன்கதவு திறந்தது. உம்மா வெளியே வந்தார். நீலச் சேலை, தலையில் முக்காடு, கையில் மூடிய பீங்கான் தட்டு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்து, எனக்கு முன்னால் படியேறினார். மேலே அப்பா வாசலைத் தாண்டப் போன காலை நிறுத்தினார். அம்மாவின் முகம் சாம்பலாகியது.

“மொதல் மொதலா வெளிக்கெளம்பி இங்கதான் வாறேன்,” என்றார் உம்மா. “அந்தப் பொலிசுக் கதயெல்லாம் உடுங்க, என்ட நல்லதுக்கெண்டுதானே செஞ்சீங்க. வட்டிலப்பம் ஈக்கிது. தங்கச்சி எங்க?”

“குசினியிலை…” என்றார் அம்மா. “இப்ப வரமாட்டாள். இவர் ஒரு நல்ல காரியமாய் வெளிக்கிடுறார். அவள் முன்னுக்கு வரப்படாது. புருஷன் இல்லாத…” அம்மா அந்த இடத்தில் தன் பேச்சைத் தானே கேட்டு நிறுத்திக்கொண்டார்.

உம்மாவுக்கு அது பிடிபடவில்லை. “ஓ, அவங்கட இத்தா இன்னும் கெடக்கா? நம்மட முடிஞ்சுது, அல்ஹம்துலில்லாஹ். நேத்தோட சரி. இப்ப நீங்க செல்லுங்க அக்கா, தங்கச்சிட எப்ப முடியும்?”

கீழே கடற்கரையோரம் ரயில் ஒன்று போனது. அலுமாரிக்குள் கோப்பைகள் அடித்துக்கொண்டன. ரயில் போய் முடிந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். பின்னால் நின்ற எனக்கு உம்மாவின் முகம் தெரியவில்லை. முக்காடு மட்டும் அம்மாவின் பக்கம் திரும்பியது, அப்பாவின் பக்கம் திரும்பியது, பிறகு சாத்தியிருந்த குசினிக் கதவின் பக்கம் திரும்பி அங்கேயே நின்றது. கையிலிருந்த தட்டு மெதுவாகத் தாழ்ந்தது.

“அப்ப, நானும் சாருக்கு முன்னால நிக்கப்படாதே,” என்றார்.

‘இல்லை’ என்று ஒருவரும் சொல்லவில்லை.

உம்மா தட்டை அம்மாவின் கையில் கொடுத்தார். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அப்பாவின் மேல் படாமல் சுவரோடு ஒதுங்கி, ஹோலைத் தாண்டிக் குசினிக்குள் போனார். போய், உள்பக்கத்தால் கதவைச் சாத்திக்கொண்டார்.